பாரிமுனையில் வாங்கும் வகுப்பறை போர்டு சாமான்கள்: எது நிற்கும், எது சுருளும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் எல்லா வகுப்பறை போர்டும் அழகாகத்தான் இருக்கும். அதே போர்டை ஐப்பசியில், மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்க்க வேண்டும். சார்ட்டின் ஓரங்கள் சுருண்டு முன்னால் வந்திருக்கும். டபுள் சைடு டேப்பில் ஒட்டிய படங்கள் தரையில் கிடக்கும். கிரேப் பேப்பர் ரோஜாவின் சிவப்பு பக்கத்து வெள்ளைத் தாளில் இறங்கியிருக்கும். தலைப்பில் நாலைந்து புள்ளிகளைக் காணோம்.

சென்னையில் போர்டைக் கெடுப்பவை இரண்டு: கடற்காற்றின் ஈரமும் மின்விசிறியின் காற்றும். பாரிமுனைக் கடைத்தெருக்களில் கிடைக்கும் பொருட்களையும் ஆன்லைனில் வரும் ரெடிமேட் செட்டுகளையும், இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்குமா என்று பார்த்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம். அளவுக்கு 6 அடிக்கு 4 அடி சாஃப்ட் போர்டை எடுத்துக்கொண்டோம். தாள் விலையும் துணி விலையும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், எத்தனை தாள், எத்தனை மீட்டர் என்ற கணக்குதான் வாங்கப் போகிறவருக்கு உதவும்.

முதலில் தெருக்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க நினைத்தால் ஏதாவது ஒன்றில் சமரசம் செய்துகொள்ள வேண்டிவரும். தாளுக்கும் அட்டைக்கும் ஆண்டர்சன் தெரு; கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவிலேயே தாள் வியாபாரிகள் இருக்கிறார்கள். பத்திரிகை அடிப்பவர்களிடம் கெட்டி அட்டையில் வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எழுத்து வெட்ட அதைவிட நல்ல அட்டை கிடைக்காது. துணிக்கு கோடவுன் தெரு. பின், டேப், ஃபோம் ஷீட், ரிப்பன் போன்ற சில்லறைச் சாமான்களுக்குப் பந்தர் தெரு. உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எல்லாமே நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் திறப்பதில்லை. வேலை நாளில் முற்பகலில் போனால் நின்று பேசி, தொட்டுப் பார்த்து வாங்க முடியும். பள்ளிக் கணக்கில் வாங்குகிறவர்கள் ஜி.எஸ்.டி. பில் தருவார்களா என்பதைத் துணியை அளக்கச் சொல்லும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அடியில் எதைப் போடுவது

ஒரு போர்டின் ஆயுளை முடிவு செய்வது அடித்தளம்தான். பலர் படத்துக்கும் மினுக்குக்கும் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடியில் மட்டும் மெல்லிய சார்ட்டை ஒட்டிவிடுகிறார்கள்.

சார்ட் பேப்பரின் வழக்கமான அளவு 22க்கு 28 அங்குலம். 6க்கு 4 அடி போர்டில் சார்ட்டைப் படுக்கை வசமாக வைத்தால் 9 தாள் வேண்டும். நெட்டுக்குத்தாக, வரிசைக்கு 4 வீதம் இரண்டு வரிசை வைத்தால் 8 தாளில் முடிந்துவிடும், இணைப்புகளும் குறையும். தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து விரியும், வெயில் வந்ததும் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிவதில்லை; நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரிகிறது. சுருளலுக்குக் காரணம் இதுதான். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. பிளாஸ்டிக் பூசிய பக்கம் அப்படியே இருக்க, பின்பக்கம் மட்டும் ஈரம் வாங்கி விரிவதால் சுருளல் கூடத்தான் செய்யும். லேமினேட் செய்வதென்றால் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், ஓரத்தில் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மிச்சம் விட்டு வெட்டவும் வேண்டும். தாளை ஒட்டி வெட்டினால் விளிம்பு வழியாக ஈரம் நுழைந்துவிடும்.

சார்ட்தான் வாங்குவது என்று முடிவானால் கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: நல்ல பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டித் தரட்டும். அப்போது விரிக்கையில் ஓரங்கள் போர்டை நோக்கி வளையும். உள்பக்கமாகச் சுருட்டியதை வாங்கி வந்தால், முதல் நாளே பின்னோடு மல்லுக்கட்ட வேண்டும். நியான் நிறச் சார்ட்டுகள் ஜன்னலோரப் போர்டுக்கு ஆகாது. எல்லா நிறங்களுக்கும் முன்னால் வெளுப்பவை அவைதான்.

ஃபெல்ட் துணி சார்ட்டைவிடப் பல மடங்கு மேல். ஈரத்தில் சுருளாது, பின் குத்திய ஓட்டை தெரியாது. அதன் பெரிய பலம் வேறு. வெல்க்ரோவின் சொரசொரப்பான கொக்கிப் பக்கம் பாலியஸ்டர் ஃபெல்ட்டை நேராகவே பிடித்துக்கொள்ளும். மென்மையான பக்கம் தேவையே இல்லை. கொக்கிப் பக்கத்தை மட்டும் மீட்டர் கணக்கில் வாங்கிக் காலணா அளவுக்கு நறுக்கிப் படங்களின் பின்னால் ஒட்டினால் போதும். பிள்ளைகள் எடுத்து எடுத்து மாற்றி வைக்கலாம். ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு, பின் குத்தவே தேவையில்லாத போர்டு கிடைக்கிறது. குறை என்னவென்றால் சாக்பீஸ் தூசி ஃபெல்ட்டில் அப்பிக்கொள்ளும், கரும்பலகைக்கு அருகில் இருந்தால் அடர் நிறம் இரண்டே மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். மலிவான மெல்லிய ஃபெல்ட் தொய்யும். கடையில் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுத்தது திரும்பாமல் அலையலையாக நின்றால் வேண்டாம்.

எங்கள் முதல் பரிந்துரை இது இரண்டும் இல்லை, காடா துணி. கோடவுன் தெருவில் கிடைக்கிற பிளீச் செய்யாத பருத்தி. அதன் மங்கலான நிறத்தில் எந்தப் படத்தை வைத்தாலும் எடுப்பாகத் தெரியும். பின் ஓட்டைகள் ஒரு தண்ணீர்த் தெளிப்பிலும் இஸ்திரியிலும் மூடிக்கொள்ளும். வருடா வருடம் துவைத்துப் போடலாம். ஓர மடிப்புக்குச் சேர்த்து 6½ அடிக்கு 4½ அடி துணி வேண்டும். அகலம் 54 அங்குலத்துக்குக் குறையாமல் கிடைத்தால் 2¼ மீட்டர் எடுங்கள்; அகலம் குறைவென்றால் அதே நீளத்தில் இரண்டு துண்டாக எடுத்து நடுவில் தைத்துக்கொள்ளலாம். கால் மீட்டர் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காடா முதல் தண்ணீரில் சுருங்கும். வாங்கிய அன்றே ஓர் இரவு ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் அடித்துவிட்டால் அடுத்த வருடம் துவைத்ததும் போர்டுக்கு நாலு விரற்கடை குறைவாக வந்து நிற்கும்.

துணியை அடிக்கும்போது ஒரு மூலையில் தொடங்கி ஓடக் கூடாது. மேல் விளிம்பின் நடுவில் ஒன்று, கீழ் விளிம்பின் நடுவில் இழுத்துப் பிடித்து ஒன்று, பிறகு இடது வலது நடுக்கள், கடைசியாக மூலைகள். அப்போதுதான் சுருக்கம் நடுவில் தங்காது. ஸ்டேப்ளரைத் திறந்து தட்டையாக வைத்து அடிக்கலாம். அதற்கு 24/6 பின் எடுங்கள். பத்தாம் நம்பர் பின்னின் கால் குட்டை. துணியின் கனம் போக சாஃப்ட் போர்டுக்குள் போவது கொஞ்சம்தான், விசிறிக் காற்றிலேயே கழன்றுவிடும்.

சாஃப்ட் போர்டே இல்லாத வகுப்பறைகள் நிறைய உண்டு. அங்கே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக ஒட்டிக் காடா போர்த்தினால் நல்ல போர்டு கிடைக்கும். ஓர் அடுக்கின் வரிகள் நெட்டாகவும் மற்றதன் வரிகள் படுக்கையாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை வளையும். ஓதம் ஏறும் சுவரில் எந்தப் போர்டையும் நேராகச் சுவரோடு ஒட்ட வேண்டாம். அரை அங்குல ரீப்பர் கட்டை கொடுத்துக் காற்று ஓட இடம் விட்டால் பூஞ்சணமும் கரையானும் குறையும். சுவரையே தொடாத வழியும் சென்னைக்குப் புதிதல்ல. 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகளின் படைப்புகளைக் கிளிப்பில் தொங்கவிட்டார்கள். இன்றும் அது நல்ல யோசனைதான். விசிறிக்கு நேர் கீழே மட்டும் கட்டாமல் இருந்தால் சரி.

ஒட்டும் பொருட்கள்

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் சார்ட்டிலும் கிளேஸ் பேப்பரிலும் அது சுருக்கம் விழவைக்கும். தாளோடு தாளை ஒட்ட கிளூ ஸ்டிக் போதும். அட்டை, துணி, தெர்மாகோல் ஆகியவற்றுக்கு வெள்ளைப் பசை சரி. மெல்லியதாகத் தடவி மேலே புத்தகங்களை அடுக்கிக் காயவிட வேண்டும். ரப்பர் வகைப் பசையைத் தெர்மாகோலில் தடவினால் அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். குளூ கன்னின் சூடும் அதையேதான் செய்யும். ஃபோம் ஷீட்டில் குளூ கன் நன்றாகப் பிடிக்கும். பசையைப் பிழிந்து ஐந்தாறு நொடி பொறுத்து ஒட்டினால் ஷீட் குழியாது. மைதா பசையை வகுப்பறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும். பூச்சிக்கு மயில்துத்தம் கலப்பது சுவரொட்டிக்காரர்களின் வழி, பிள்ளைகள் தொடும் இடத்துக்கு அது நஞ்சு.

டபுள் சைடு டேப்பைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுவது வீண். டேப் ஒட்டுவது சுண்ணாம்புத் தூளில்தான், சுவரில் இல்லை. தூளோடு சேர்ந்து கழன்று வரும். பெயின்ட் அடித்த சுவரானாலும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மழை இல்லாத நாளில் ஒட்டினால்தான் நிற்கும்.

தெர்மாகோலைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தடையில் இருக்கின்றன. அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் தெர்மாகோல் மரம் வைப்பது பிள்ளைகளுக்குத் தவறான செய்தியைத் தரும். அட்டையிலும் காய்ந்த தென்னம்பாளையிலும் அதே மரத்தைச் செய்யலாம். சின்ன மஞ்சப்பைகளைப் போர்டில் வரிசையாகக் குத்தினால் சொல்லட்டைகளைப் போட்டுவைக்கும் பைகளாகிவிடும். எங்கள் பார்வையில் பட்டவற்றில் பயனுக்கும் அழகுக்கும் அதற்கு இணையில்லை.

எழுத்துகள்: இங்கேதான் பெரும்பாலான போர்டு தோற்கிறது

வெட்டி விற்கும் ஆங்கில எழுத்து பாக்கெட்டுகள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. தமிழ் எழுத்து பாக்கெட் என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் உயிர் 12, மெய் 18. அதை வைத்து 'தண்ணீர்' என்று எழுத முடியாது, 'ணீ' அதில் இல்லை. உயிர்மெய் வரிசையோடு வருகிற பாக்கெட்டிலும் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 'மரம்' என்று வைத்தால் அடுத்த சொல்லுக்கு 'ம' கிடையாது. ஆகவே வாங்கும் முன் தலைப்பைத் தாளில் எழுதி, எந்தெந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிட்டுப் போங்கள். நேர்மையாகச் சொன்னால், தமிழுக்குப் பாக்கெட் வாங்காமல் வெட்டிக்கொள்வதே மேல்.

எவ்வளவு பெரிதாக வெட்டுவது? 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பலகை எழுதுகிறவர்களின் கணக்கு. 20 அடி நீள வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு 2 அங்குலம் வேண்டும். ஆனால் தமிழில் மேல்விலங்கு மேலே ஏறும், 'கு', 'ழு' எல்லாம் கீழே இறங்கும். நாம் வாசிப்பது நடுவிலிருக்கும் உடலை வைத்துத்தான், அந்த உடல் 2 அங்குலம் வர வேண்டும். அதற்கு எழுத்து வெட்டும் பட்டையின் மொத்த உயரம் 4 அங்குலமாவது இருக்கட்டும். மொத்த உயரத்தையே 2 அங்குலமாக வைத்து வெட்டிவிட்டால் பின் பெஞ்சில் 'ன'வும் 'ள'வும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது புள்ளி. தனிப் பொட்டாக வெட்டி ஒட்டினால் முதலில் உதிர்வது அதுதான். பரப்பு சின்னது, பசையும் கொஞ்சம். 'கல்' 'கல' ஆகிவிடும், அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை அதையும் அப்படியே படிக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. தலைப்பைத் தடித்த எழுத்துருவில் அச்செடுத்துக் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். எழுத்தின் கோட்டை ஒட்டி வெட்டாமல், சுற்றிலும் அரை சென்டிமீட்டர் வெள்ளை ஓரம் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரத்துக்குள் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் எழுத்தோடு சேர்ந்து ஒரே துண்டாக வந்துவிடும். தூரத்தில் பார்க்க வெள்ளை நிழல் போட்ட மாதிரி இன்னும் தெளிவாகவும் இருக்கும். 'சென்னை' போன்ற சொல்லை ஒரே துண்டாகவே வெட்டினால் கொம்பு தள்ளிப் போய் 'னை' பிரிந்து நிற்கும் தொல்லையும் இல்லை.

ரெடிமேட் செட்டுகள்

பிரித்துக் குத்தினால் வேலை முடிந்தது என்பது இவற்றின் ஒரே வசதி. அட்டை கெட்டியாக, இரண்டு பக்கமும் பூச்சோடு வந்தால் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் வெளிநாட்டு வடிவங்களைப் பார்த்துச் செய்தவையே அதிகம். ஆப்பிள் மரம், செம்பழுப்பு நிறத்தில் உதிரும் இலைகள், பனிமனிதன். நம் பிள்ளைகள் பார்க்கும் பருவங்கள் கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும். வேப்பம்பூ உதிர்கிற வாசலிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த இலையுதிர் படத்தில் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை.

உள்ளூரில் அச்சான சார்ட்டுகளில் படம் நம்முடையது, தகவலைத்தான் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சின்னங்கள் சார்ட்டில் வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, பலா எல்லாம் இருக்கும். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய அச்சு. முக்கிய நாட்கள் சார்ட்டில் தமிழ்நாடு நாள் நவம்பர் 1 என்றிருந்தால் அதுவும் பழையது. 1967இல் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18தான் தமிழ்நாடு நாள் என்று 2021இல் அறிவித்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸில் அச்சடித்து மாட்டுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், பின் ஓட்டை மூடாது. எல்லாவற்றையும்விட, பிள்ளைகள் கை வைக்க அதில் ஒன்றுமே இல்லை.

ரெடிமேட் பார்டர் மட்டும் அழகுக்கு வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: போர்டின் சுற்றளவு 20 அடி, அதாவது 240 அங்குலம். இரண்டு சார்ட்டை 3 அங்குலப் பட்டையாக நீளவாக்கில் வெட்டினால் 14 பட்டை வரும், 10 போதும், மீதியைக் கிழிசலுக்கு வைத்துக்கொள்ளலாம். அரை அடிக்கு ஒரு பின் குத்தினால் விசிறிக் காற்றில் படபடக்காது.

இந்தப் பொருட்களில் செய்யக்கூடிய ஒரு போர்டு

ஐந்தாம் வகுப்புக்கு மேல், ஐப்பசியில் தொடங்க ஏற்றது 'நம் ஏரிகளில் இன்று எவ்வளவு தண்ணீர்?' சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் நான்கின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081. நூறு மில்லியன் கன அடிக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்தால் 36.5, 33, 32.3, 10.8 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு அளவுகோல்கள். சோழவரம் எவ்வளவு சின்னது என்று யாரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு அளவுகோலையும் கெட்டி அட்டையில் வரைந்து, மேலும் கீழும் ஒவ்வொரு பிளவு போடுங்கள். ஓர் அங்குல சாட்டின் ரிப்பன் என்றால் பிளவு 2.7 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்துக்கு நீலத்தில் 38, வெள்ளையில் 38 சென்டிமீட்டர் ரிப்பன் எடுத்து, முனைக்கு அரை சென்டிமீட்டர் விட்டு இரண்டையும் தைத்துப் பிளவுகள் வழியே வளையமாக்கினால், இழுக்க இழுக்க நீலம் ஏறும், இறங்கும். பிளவு போடுவதற்கு முன்பே அட்டையின் பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்; இல்லையென்றால் பத்து நாளில் பிளவு கிழிந்து வாயைப் பிளக்கும். அட்டையின் நான்கு மூலைகளுக்குப் பின்னால் ஃபோம் துண்டு வைத்துப் போர்டிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்தினால்தான் ரிப்பன் சிக்காமல் ஓடும். அளவுகோல்கள் தரையிலிருந்து 4 அடிக்குள் இருந்தால் பிள்ளைகளே இழுக்கலாம். ஏரி நிலவரத்தைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் வெளியிடுகிறது, மழைக்காலத்தில் நாளிதழ்களிலும் வரும். காலை வழிபாடு முடிந்ததும் நாளுக்கு ஒரு பிள்ளை வாசித்து நகர்த்தட்டும்.

மழலையர் வகுப்பில் பின்னும், ஒட்டுக் கண்மணிகளும், உதிரும் மினுக்கும் கூடாது. கைக்கு எட்டுவது வாய்க்குப் போகும். எந்த வகுப்பானாலும் சுவிட்ச் போர்டைச் சுற்றி ஓரடிக்குத் தாளோ துணியோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சீரியல் பல்பு வேண்டவே வேண்டாம்.

ஏப்ரலில் கழற்றும்போது ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் பெயர்த்தால் துணி கிழியும், பின் ரிமூவர் வைத்துக்கொள்ளுங்கள். துரு பிடித்த பின்களின் கறை காடாவில் இறங்கியிருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டுப் பிறகு துவைக்கலாம். எழுத்துத் துண்டுகளைச் சொல் வாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, கவர் மேல் சொல்லையும் துண்டு எண்ணிக்கையையும் எழுதிப் பழைய அட்லஸுக்குள் தட்டையாக வைத்தால் ஜூனில் அப்படியே எடுத்துக் குத்தலாம்.